பாறையில் குடியேறிய பாஞ்சாலையக்கா

பாஞ்சாலையக்கா ஜவ்வாது மலையில், மேல்புளியூரில், ஓட்டு வீட்டில்தான் குடியிருக்கிறார். இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம் உண்டு. கம்ப்யூட்டர் அறிக்கைப்படி அவர் வீடும் என் வீடும் சேர்த்து ஊரின் அறுபத்தொரு குடும்பமும் ஊருக்கு மேலே இருக்கும் மொட்டைப் பாறையில் வசிக்கிறோம். அங்கே தண்ணீர் இல்லை, கூரை இல்லை, ஆடு மேயக்கூட ஒரு புல் இல்லை. ஆனாலும் அறுபத்தொரு குடும்பமும் சண்டையில்லாமல் வாழ்கிறோம்.

அக்காவுக்கு வயது நாற்பது. அவர் முப்பத்தாறு என்பார், ஆதார் அட்டை நாற்பத்து நான்கு என்கிறது, நான் நடுவில் வைத்திருக்கிறேன். கணவர் காசி குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். பொங்கலுக்கு வருவார். வந்தால் மூன்று நாள் சண்டை, நான்காம் நாள் பஸ். அரை ஏக்கர் சாமையும் இரண்டு புளியமரமும் அக்காவுக்கு உண்டு. ஆனால் வருஷம் முழுக்கக் கையில் காசு வருவது ஒரே ஒரு வேலையில்தான். கானாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிறார்.

சமையல் எப்படி என்று கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன்.

"இன்னாக்கா, உப்புமா கட்டி கட்டியா கீது?"

"கட்டி இல்லடா, அதான் சத்து. நீதான் ஒன்பதாங் கிளாசோட ஓடி வந்துட்டியே, உனுக்கு இன்னா இங்க வேல? புள்ளிங்க சாப்பாட்ட மோந்துகினு நிக்கிற?"

ஓடி வரவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தேன். அது வேறு கதை.

கானாறு பதினைந்து அடி அகலம்தான். வெயில் காலத்தில் ஆடு தாண்டிப் போகும். ஐப்பசியில் ஆட்டையே தூக்கிக்கொண்டு போகும். போன வருஷ மழையில் இரண்டு நாள் அக்காவால் தாண்ட முடியவில்லை. அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் மதியம் வரை வெறும் வயிறு. தலைமை ஆசிரியை ரேணுகாதேவி டீச்சர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாஞ்சால, எனக்கு உன் மேல கோவம் இல்ல. மேல இருந்து கேக்கிறாங்க. இன்னொரு நாளு இப்படி ஆச்சின்னா வேற ஆளப் போடணும்னு எழுதியே அனுப்பிட்டாங்க."

"மேலன்னா எங்க டீச்சர்? நாமதான மலை மேல கீறோம்? அவங்க கீழதான கீறாங்க?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கடிதத்தில் சிரிப்பு இல்லை. இன்னும் ஒரு நாள் தவறினால் வேலை போச்சு. அடுத்த மழைக்குள் கானாற்றில் ஒரு பாலம் வர வேண்டும், அல்லது வருண பகவான் பள்ளி வேலை நாட்களுக்கு லீவு எடுக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் கிளமென்ட் சார் வந்தார். கலசப்பாக்கத்துக்காரர். ஏதோ தொண்டு நிறுவனம். நல்ல மனிதர், டேப்லெட்டைக் கைக்குழந்தையைப் போல வைத்திருப்பார். ஊரைக் கோயில் முன்னால் உட்காரவைத்து, வீட்டுக்கு ஒரு போனை வாங்கி, எல்லாவற்றிலும் ஓர் ஆப்பை ஏற்றினார்.

"இனிமே மனு எழுதிகினு அலைய வேணாங்க. ஊருக்கு இன்னா கட்டணும்னு இந்த மைக்க அமுக்கிப் பேசுங்க, போதும். ஏஐ எல்லார் பேச்சையும் கேட்டு, எது முக்கியம்னு அதுவே முடிவு எடுக்கும். ஆனா முடிவு உங்களுதுதாங்க."

ஊர்ப் பெரியவர் அருணகிரி கேட்டார்: "எங்களுதுன்னா அது எதுக்கு சார் எடுக்குது?"

கிளமென்ட் சார் தண்ணீர் குடித்தார்.

பேசுவதற்கு ஒரு வாரம் கெடு. சிக்கல் என்னவென்றால், எங்கள் ஊரில் சிக்னல் வருவது மொட்டைப் பாறையில் மட்டும்தான். அரை மணி நேர ஏற்றம். அதற்கெல்லாம் எங்களிடம் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு, அதற்கு 'முறை' என்று பேர். சந்தவாசல் சந்தைக்கு ஊரே இறங்கி ஏறினால் முட்டி என்ன ஆவது? வாரத்துக்கு ஒரு வீடு இறங்கும். மற்ற வீடுகள் பையைக் கொடுத்து, வேண்டியதைச் சொல்லிவிடும். அந்த வீட்டுக்காரர் எல்லாருக்கும் வாங்கி வருவார். உப்பு, புளிச்சாக்கு, மாத்திரை, எல்லாம் முறையில்தான் வரும்.

ஆப்பில் பேசிப் போடுகிற ஓட்டும் அப்படித்தான் போனது. அந்த வாரம் முறை பாஞ்சாலையக்கா வீட்டுக்கு. அறுபத்தொரு போனையும் புளிக்கூடையில் அடுக்கி, மேலே துணி போட்டு, தலையில் வைத்துக்கொண்டு பாறை ஏறினார்.

அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அங்கேதான் எனக்கு அந்த மனுஷியைப் புரியவில்லை. கையில் அறுபத்தொரு போன், பாறையில் கேட்க ஆளில்லை. எல்லாவற்றிலும் 'பாலம்' என்று சொல்லிவிட்டு இறங்கினால் முடிந்தது. அருணகிரி கோயிலுக்குத் தகரக் கொட்டகை கேட்டார். அக்கா அவர் போனில் தகரக் கொட்டகை என்றே சொன்னார். அடுத்த வீட்டுச் செவ்வந்தி தெருவிளக்கு கேட்டாள். தெருவிளக்கு. நான் விமான நிலையம் வேண்டும் என்றேன். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "பெருசா, சிறுசா?" என்று கேட்டுவிட்டு அதையும் சொல்லியிருக்கிறார். நாற்பத்தேழு வீடு தானாகவே பாலம் கேட்டது. அக்கா வீடு நாற்பத்தெட்டாவது.

ஆவணி முடிவில் கிளமென்ட் சார் அறிக்கையோடு வந்தார். முகம் புளி தின்றது போல இருந்தது. கோயில் முன்னால் நின்று படித்தார்.

"மொட்டைப் பாறையில் அறுபத்தொரு குடும்பங்கள் நெருக்கமாக வசித்து வருகின்றன. அவர்கள் கடந்து செல்ல வழி கேட்கிறார்கள். அருகில் ஓடை எதுவும் வரைபடத்தில் இல்லை. எனவே அவர்கள் குறிப்பிடுவது பாறைச் சரிவாக இருக்கலாம். கைப்பிடியுடன் இரும்புப் படிக்கட்டு பரிந்துரைக்கப்படுகிறது. ஒருவர் விமானப் போக்குவரத்தை விரும்புகிறார். இது பாறைவாழ் மக்களின் தனிமை உணர்வைக் காட்டுகிறது."

எல்லாரும் நிமிர்ந்து பாறையைப் பார்த்தோம்.

"சார், பாறையில யாரு கீறா?" என்றார் அக்கா.

"நீங்கதாங்க. பேச்சு எங்கிருந்து வருதோ அதான் வூடுன்னு ஆப் எடுத்துகிச்சி. எல்லாரும் அவங்கவங்க வூட்ல இருந்து பேசுவாங்கன்னு நெனச்சி செஞ்சது."

"வூட்ல சிக்னல் இருந்தா நான் இன்னாத்துக்கு சார் கூடையைத் தூக்கிகினு மலை ஏறப் போறேன்?"

"மாத்தச் சொல்லி எழுதிட்டேங்க. அடுத்த சுற்றுல பாக்கலாம்னாங்க. அது வர்ற சித்திர மாசம்."

சித்திரையில் கானாற்றை ஆடு தாண்டும். அப்போது பாலம் வந்து யாருக்கு? அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். சத்தம் போடாத பாஞ்சாலையக்காவை ஊர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தது. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

புரட்டாசி கடைசியில் பாறைப் படிக்கட்டுக்கென்று ஒரு மினி லாரி வந்தது. இருபதடி இரும்பு உத்திரம் நான்கு, மிதிக்கிற தகடு, கைப்பிடிக் குழாய், சிமெண்ட் மூட்டை. கூடவே கிளமென்ட் சாரும், ஜெனரேட்டரோடு வெல்டிங் வேலைக்குச் சந்தவாசல் அடைக்கலம் அண்ணனும். அடைக்கலம் அண்ணன் ரோடு முடிகிற இடத்தில் இரும்பை இறக்கிவிட்டு, நிமிர்ந்து பாறையைப் பார்த்தார்.

"இத்தினி இரும்பையும் அங்கியா ஏத்தணும்? அங்க யாரு கீறாங்க?"

"நாங்கதாண்ணா," என்றேன்.

அக்கா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். "அண்ணா, இது படிக்கட்டாவே இருக்கணுமா? படுக்கப் போட்டா இன்னா ஆவும்?"

அடைக்கலம் அண்ணன் இரும்பைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "படுக்கப் போட்டா பாலம் ஆவும்மா. எனுக்கு எடமா முக்கியம்? வேல முடிஞ்சி ஆப்புல போட்டோ ஏறணும், அதான் முக்கியம். ஆனா எனுக்கு ஆர்டர் பாறைக்குக் கீது."

எல்லாரும் கிளமென்ட் சாரைப் பார்த்தோம். அவர் டேப்லெட்டைப் பார்த்தார். பிறகு அதை அணைத்துப் பைக்குள் வைத்தார். ஆள் அதைப் பைக்குள் வைத்து நான் பார்த்ததே இல்லை.

"ஆப் முடிவு எடுத்துச்சிங்க. ஊரு இன்னா முடிவு எடுக்குது?"

அருணகிரி துண்டை உதறினார். தகரக் கொட்டகை கேட்ட ஆள், என்ன சொல்வாரோ என்று இருந்தது. "இரும்பத் தூக்குங்கடா" என்றார்.

அவ்வளவுதான் கூட்டம். மைக் இல்லை, பட்டன் இல்லை. வீட்டுக்கு ஓர் ஆள் முறை போட்டு, இரும்பைக் கானாற்றுக்கு இறக்கினோம். நான் சிமெண்ட் சுமக்கவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மூன்று மூட்டை சுமந்தேன். ஆறு நாளில் வேலை முடிந்தது. பாலத்தைப் படம் எடுத்து, அக்காவே பாறை ஏறிப் போய் ஆப்பில் ஏற்றிவிட்டு வந்தார். படம் பாறையிலிருந்து வந்ததால் படிக்கட்டு என்றே எடுத்துக்கொண்டு, பாறைவாழ் மக்களுக்கு ஆப் வாழ்த்துச் சொல்லியிருந்தது.

வேலை முடிந்த நான்காம் நாள் ராத்திரியெல்லாம் மழை. சிமெண்ட் சரியாகக் காய்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. விடிந்தும் விடியாமலும் கானாற்றின் சத்தம் ஊர் வரைக்கும் கேட்டது. நான் தற்செயலாக அந்தப் பக்கம் போயிருந்தேன், கையில் ஒரு நீளக் கயிறோடு. அக்கா தலையில் பிளாஸ்டிக் சாக்குப் போட்டுக்கொண்டு விறகுக்கட்டோடு வந்தார்.

"இன்னாடா இங்க?"

"ஆடு தேடுறேன்."

"உங்க வூட்ல ஏதுடா ஆடு?"

"அதான் தேடுறேன்."

தண்ணீர் தகட்டுக்கு ஒரு சாண் கீழே ஓடியது. மரக்கிளை ஒன்று வந்து கரையோரச் சிமெண்ட் தூணில் மோதி, சுற்றிக்கொண்டு போனது. அக்கா அதைப் பார்த்தபடியே நின்றார். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு சின்னப் பெண் குடை இல்லாமல் நிற்பது தெரிந்தது. அந்தக் கரைப் பிள்ளை, சீக்கிரமே வந்துவிடும்.

அக்கா விறகுக்கட்டை என் தலையில் வைத்தார். "ஆடு கெடச்சா அப்புறம் பாத்துக்கலாம், இதத் தூக்கு." என் கயிற்றை வாங்கித் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையை என் இடுப்பில் கட்டினார். முன்னால் அவர், பின்னால் நான். நடுவில் போனபோது தகடு அதிர்ந்தது. அடைக்கலம் அண்ணனின் பரம்பரையையே அக்கா திட்டிக்கொண்டு நடந்தார், அக்கரை வரும்வரை.

ஆறு பத்துக்கு அடுப்பு எரிந்தது. ரேணுகாதேவி டீச்சர் ஏழே முக்காலுக்கு வாசலில் வந்து நின்று, புகையைப் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் 'பாஞ்சாலை' என்று எழுதிய இடத்துக்கு நேரே நேரத்தைப் போட்டார். அக்கா ஈரப் புடவையோடு முப்பத்தெட்டுத் தட்டுகளை வரிசையாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்து முறைத்துவிட்டு, இன்னொரு தட்டு எடுத்து வைத்தார்.