மூணாவது டிரம்

எங்க அக்காவுக்கு ஒரு விஷயம் மண்டையில ஏறிடுச்சுன்னா அவ்வளவுதான், எறக்க ஆளே கிடையாது. சணல் நூலுக்குச் சாயம் போடற பட்டறை வெச்சிருக்கா. நாலு தொட்டி, ஒரு பெரிய அடுப்பு, நூல் காயப்போடக் கழிங்க, கூடமாட வேலைக்கு நான். மிச்சமாகிற சாயத் தண்ணிய டேங்கர்ல ஏத்திட்டுப் போய்க் கொட்டறது அக்கா புருஷன், எங்க மாமா. சொந்த லாரி. தெருவுல இருக்கற அத்தனை பட்டறைக்கும் அவர்தான். எங்க கொட்டறார்னு யாரும் கேக்கறதில்ல, அவரும் வாயத் தொறக்கறதில்ல.

ஒரு நாள் விடியறப்ப சட்டை கிழிஞ்சு, புருவத்துல ரத்தத்தோட வந்து நின்னாரு. வழுக்கி விழுந்துட்டாராம். வழுக்கி விழுந்தா முதுகுல கழித் தடம் எப்படி வரும்? கொட்டப் போன எடத்துல ஊர்க்காரங்க வளைச்சுப் பிடிச்சிருக்காங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, அவர் கொட்டறது அவங்க கெணத்துலதானே. அக்கா மருந்து போட்டா. அடுத்த தடவை இந்த மனுஷன் உசிரோட வருவாரான்னு எனக்குச் சோறு எறங்கல.

மறுநாளே அக்கா மர மில்லுக்குப் போய் மரத்தூள் மூட்டைய எறக்கிட்டா. மரத்தூள் சாயத்தப் பிடிச்சு வெச்சுக்கும்னு சாயப்பொடி விக்கறவர் எப்பவோ சொன்னாராம். அடியில ஓட்டை போட்ட டிரம்முல தூளக் கொட்டி, மேல நீலத் தண்ணிய ஊத்தினா. நீலம் போச்சு. ஆனா கீழ பழுப்பா வந்துச்சு. மரத்தோட சொந்தக் கலரு! “டீக்கடை வெச்சுட்டியா?”ன்னு மாமா கேட்டாரு. தெருவே சிரிச்சுது.

சிரிக்கட்டும்னு அக்கா தூளத் தொட்டியில போட்டு வேக வெச்சா. கலர் எறங்கற வரைக்கும் மாத்தி மாத்தி அலசிக் காயப் போட்டா. இந்தத் தடவை பழுப்பு வரல, ஆனா தண்ணியே வரல. பொடித்தூளு ஊறி உப்பி, டிரம்ம அடைச்சுக்கிட்டு மேல வழிஞ்சு, பட்டறை முழுக்க நீலம். கழுவினது யாரு? நான்தான். விட்டுத் தொலையேன்னு கத்தினேன். காதுலயே வாங்கல. பொடியச் சலிச்சு எடுத்துட்டு, குருணையா இருக்கறதோட, இழைப்புளியில சீவறப்ப விழற மரச் சுருளக் கலந்தா. தண்ணி எறங்குச்சு, ஆனா வெளிர் நீலமா வந்துச்சு. அதுக்குக் கீழ இன்னொரு டிரம், அதுக்கும் கீழ இன்னொண்ணு.

மாமாவுக்குக் கோபம் அப்பத்தான் பொத்துக்கிட்டு வந்துச்சு. எல்லாரும் இப்படி டிரம் வெச்சுட்டா நான் லாரிய வித்துட்டு உக்காரணுமான்னு கேட்டாரு. சொந்தப் பொண்டாட்டியே பொழப்பக் கெடுக்கறாளேன்னு வீட்டுல சாப்பிடறத நிறுத்திட்டாரு. அக்கா அழுதா, நான் பாத்தேன். அழுதுக்கிட்டேதான் தூளு அலசினா. சாயம் ஏறின தூளக்கூட வெளிய கொட்ட விடல. உலர்த்தி மூட்டை கட்டினா, செங்கல் சூளைக்காரர் மண்ணோட சேத்துக்கறதா ஒத்துக்கிட்டாரு.

மூணாவது டிரம்முலேர்ந்து தெளிஞ்ச தண்ணி வந்த அன்னைக்கு எனக்குத் தலைகால் புரியல. அக்கா அசையல. கண்ண நம்ப மாட்டேன்னு பாட்டில்ல பிடிச்சுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினா. உப்பு போட்டிருந்தா தூளு அதைப் பிடிச்சிருக்காது; நாங்க போடற சாயத்துக்கு உப்பு கிடையாது, அது ஒரு புண்ணியம். செடிகொடிக்கு ஊத்தலாம்னு பதில் வந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் மாமா மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு லோடு எடுக்க வந்தாரு. குழாய மாட்டினவர் மூணாவது டிரம் தண்ணி சேந்திருந்த தொட்டியப் பாத்துட்டு, கெணத்துத் தண்ணிய நிரப்பி வெச்சு வெளையாடறியான்னு எரிஞ்சு விழுந்தாரு. அக்கா மொத டிரம்மோட மூடியத் தொறந்து, நீலம் அப்பியிருந்த தூளக் காட்டினா.

“ஏத்திக்கிட்டுப் போங்க. உங்கள அடிச்சாங்களே, அந்த ஊருக்கே போய், ஆளுங்க பாக்கக் கொட்டுங்க. ஒருத்தரும் உங்க மேல கை வைக்க மாட்டாங்க.”

மாமா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. தண்ணிய ஏத்திக் குழாயச் சுருட்டினாரு. அப்புறம், “அவங்க நம்ப மாட்டாங்கடி”ன்னாரு.

அக்கா கையத் தொடைச்சுட்டு லாரியில ஏறி உக்காந்தா. “அவங்க முன்னாடி நான் குடிச்சுக் காட்டறேன், வண்டிய எடுங்க.”