ஊற்றும் முனியாண்டியும்

இன்று தலவாக்கலை பஸ்ஸில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் அண்ணன் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். முட்டிவரை சேறு. எங்கள் ஓடையில் திருட்டுத்தனமாக மாணிக்கக்கல் தோண்டுகிறவர்களில் அவரும் ஒருவர்.

தோண்டக்கூடாது என்று அரசாங்கம் நட்ட பலகையில்தான் அவர்கள் சட்டையைக் கழற்றி மாட்டுவார்கள். ஓடை முழுக்கக் குழியாகிவிட்டது. எங்கள் குழாய்க்குத் தண்ணீர் வரும் ஊற்று மட்டும் தப்பியிருந்தது. அதன் முன்னால் முனியாண்டி கல் இருக்கிறது.

"அண்ணே, ஊத்துல மட்டும் கை வச்சிடாதீங்க."

"முனியாண்டிக்குப் பயந்துதான் இம்புட்டு நாள் விட்டோம் தங்கச்சி. நேத்து சேவல் அறுத்து, பூக்கட்டிப் பாத்தோம். உத்தரவு குடுத்துட்டாரு. அவரப் பக்குவமா தூக்கி ரோட்டோரமா வச்சிட்டோம். நாளைக்கு வேலை ஆரம்பம்."

"உங்க வீட்டுக்கும் அதே தண்ணிதானே?"

"தெரியாமயா? ஒரு கல்லு கெடைச்சா ஒரு வீடு கட்டுற அளவுக்குப் பத்து பேர்ச் காணி வாங்கிட்டு லயத்த விட்டே போயிடுவேன். இங்க நமக்குனு ஒரு பிடி மண்ணு இருக்கா, நீங்களே சொல்லுங்க."

 லிந்துலையில் இருவரும் இறங்கினோம்.

வீட்டுக்கு வந்து குடம், வாளி, சட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டேன்.

உங்கள் தோட்டத்துச் சாமிகளாவது இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்களா?