சொய்லா தேடிய பாவாடை

சொய்லாவுக்குக் கோபம் வந்தால் கறவை மாடுகூடக் காலை அசைக்காமல் நிற்கும். ஆனால் அன்று அவள் போனை எடுத்தது ஆசையாகத்தான். அடுப்பில் சோளம் வெந்துகொண்டிருந்தது. போன செப்டம்பரில் சான் மிகேல் திருவிழாவில் முன்வரிசையில் நின்று ஆடினாளே, அப்போது தன் புதுப் பாவாடை எப்படிச் சுழன்றது என்று பார்க்க வேண்டும். எழுத்துக் கூட்டித் தட்டப் பொறுமை ஏது? "சான் மிகேல் திருவிழா, ஆட்டம்" என்று வாயால் சொன்னாள். போன் தேடிக் கொடுத்தது.

முதலில் வந்தது அவள் புருஷன்.

அதே புனிதர், அதே கொடி, அதே மேளம். பின்னால் மட்டும் மலைக்குப் பதில் நியூயார்க்கின் செங்கல் கட்டடங்கள். பிழைக்கப் போன ஊர்க்காரர்கள் அங்கேயும் அதே பெயரில் திருவிழா எடுக்கிறார்கள்; எந்த ஊர் என்று போனுக்கு என்ன தெரியும்? விர்ஹிலியோ கொடி பிடித்து ஆடினான். பக்கத்தில் ஒருத்தி. கீழே தலைப்பு: "சான் மிகேல் திருவிழா. விழா எடுப்பவர்கள்: விர்ஹிலியோ கிஷ்பி, அவர் மனைவி."

கிழங்கு நட்டு, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, மாமியாரைக் கடைசிவரை குளிப்பாட்டி அடக்கம் செய்தவள் இங்கே இருக்கிறாள். மனைவியாம் அங்கே. அதையும் விழுங்கியிருப்பாளோ என்னவோ. பக்கத்தில் ஆடியவள் கட்டியிருந்த பாவாடைதான் கண்ணில் குத்தியது. சிவப்பு, ஓரமெல்லாம் தேன்சிட்டு. "கூட்டாளி பொண்ணுக்குக் கல்யாணம், ஒண்ணு தைச்சு அனுப்பு" என்று அவன் கேட்டதற்காக மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து சொய்லாவே தைத்து அனுப்பியது.

வீடியோவுக்குக் கீழே ஊரே வாழ்த்தியிருந்தது. முதல் வாழ்த்து நாத்தனார் ரொசெந்தாவுடையது.

மறுநாள் காலை பால் வண்டிக்கு வரிசையில் நின்ற ரொசெந்தாவின் முன்னால் போய்க் குடத்தை ணங்கென்று வைத்தாள்.

"என்னடி எழுதியிருக்க? 'ஜோடிப் பொருத்தம் அருமை'யா?"

"அண்ணி... அது வந்து... நீங்க பார்க்க மாட்டீங்கன்னு..."

"ஊர்ல எல்லாரும் பார்த்தீங்க. என் வீட்டு அடுப்புல குளிர் காய்ஞ்சுக்கிட்டே பார்த்தீங்க. ஒருத்திக்கு வாய் வரல!"

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அண்ணி."

"என் மனசா? உங்க அண்ணன் அனுப்புற செருப்பு நின்னுடக் கூடாதுன்னு சொல்லு!"

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ரொசெந்தா தன் புதுச் செருப்பைச் சேற்றுக்குள் மறைத்தாள்.

அன்றே சொய்லா விர்ஹிலியோவைப் போனில் கூப்பிட்டாள். அவன் வருத்தப்படவில்லை, எரிந்து விழுந்தான். "உன்னை யாரு அதையெல்லாம் தேடச் சொன்னது?"

"உன்னை யாருய்யா தேடினா? நான் என் பாவாடையைத் தேடினேன்!" என்று போனை வைத்தாள்.

இந்த வருஷம் ஊரில் விழா எடுக்கும் முறை அவர்கள் வீட்டுக்கு. அவமானத்தில் விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவள் ஒரு கன்றை விற்றாள். கொடியைத் தானே பிடித்து, தனியாக, தெருவை அடைத்து ஆடினாள். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கினார்கள்.

வீடியோ எடுத்த லாவுரோ அன்று சாயங்காலம் தலையைச் சொறிந்தான். "அக்கா, தலைப்பு என்ன போட? 'சொய்லா பிச்சிசாக்கா'ன்னு உங்க அப்பா வீட்டுப் பேரோட மட்டும் போடவா? அவர் பேரு வேண்டாமில்ல?"

"அவன் பேரு இல்லாம அங்க இருக்கிறவங்க தேடினா வருமா?"

"வராதுக்கா. அங்க எல்லாரும் அவர் பேரைச் சொல்லித்தான் தேடுவாங்க."

அவள் பல்லைக் கடித்தாள். "அப்போ போடு. முன்னாடியே போடு. சான் மிகேல் திருவிழா, விர்ஹிலியோ கிஷ்பி, அவர் மனைவி சொய்லா. சர்ச்சுல கட்டின மனைவி."

"அந்தக் கடைசியும் போடணுமா?"

"அதுக்குத்தானேடா மத்ததெல்லாம்!"

இப்போது யார் தேடினாலும் இரண்டு வீடியோவும் ஒன்றின் கீழ் ஒன்றாக வருகின்றன. அடுத்த வாரமே விர்ஹிலியோ தங்கையைக் கூப்பிட்டுக் கெஞ்சினான். ரொசெந்தா வேலிக்கு அந்தப் பக்கமே நின்று சொன்னாள்: "அண்ணி, அங்க எல்லாரும் கேக்குறாங்களாம். அண்ணனுக்குத் தலை காட்ட முடியலையாம். அந்த வீடியோவை எடுத்துடச் சொல்றார்."

பால் கறந்துகொண்டிருந்த சொய்லா மாட்டின் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. மாடு காலை அசைக்கவில்லை.

"முதல்ல அவளை என் பாவாடையைக் கழட்டி அனுப்பச் சொல்லு."