கைதட்டல் பெரியக்காவுக்கு

தைத்த பையின் கைப்பிடிகளை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறாள் சின்னக்கா. நூல் விட்டதோ, பை பறந்து தைத்தவள் மடியிலேயே விழும். "பிரிச்சித் தை! பாவம் பார்த்து எவளும் பை வாங்க மாட்டா."

விபத்தில் அடிபட்டு எங்கும் வேலை கிடைக்காத பெண்களுக்காக அக்காவும் தங்கையுமாக நடத்தும் பட்டறை இது. வேலை கொடுப்பது பெரியக்காவின் கொள்கை. பையை விற்பது சின்னக்காவின் தலையெழுத்து. மேடையும் பூங்கொத்தும் மட்டும் பெரியவளுக்கு. பத்திரிகையில் அவள் படம் வந்தால், சின்னக்கா அந்தத் தாளால்தான் மெஷின் எண்ணெயைத் துடைப்பாள், அதுவும் முகம் இருக்கும் பக்கமாகப் பார்த்து. "அவளுக்கென்ன, மகராசி! சிரிச்சா போதும். திரும்பி வர்ற மூட்டையெல்லாம் என் தலையில." வயிற்றெரிச்சல்தான். அதை ஒளிக்கவும் அவளுக்குத் தெரியாது.

மூலை மெஷினில் தைக்கும் வயதான அம்மாவுக்குக் கை நடுங்கும். அவர் வைக்கும் கைப்பிடி கோணிக்கொள்ளும். "இன்னொரு கோணல் வந்தா ஆர்டர் கிடையாது" என்று பெரிய கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் போனால் பட்டறைக்கே பூட்டு. "அவங்களை அனுப்ப மாட்டேன்டி" என்று சொல்லிவிட்டுப் பெரியக்கா ஏதோ விழாவுக்குக் கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் அந்தக் கைப்பிடிகளைப் பிரித்து நேராகத் தைப்பது சின்னக்கா. தைத்த அம்மாவுக்கே அது தெரியாது.

முந்தாநாள் பெரியக்காவுக்கு மறுபடி ஒரு பரிசு. நேற்றுதான் கடைக்காரர் நேரில் வரவேண்டிய நாள். காலையில் அந்த அம்மா முடித்துக் கொடுத்த ஒற்றைப் பையைச் சின்னக்கா பிரிக்கவில்லை. அப்படியே குவியலில் வீசினாள். "இன்னைக்கு அந்த மகராசி மூஞ்சி போற போக்கைப் பார்க்கறேன்."

கடைக்காரர் வந்தார். "நாங்க யாரையும் கழிக்கிறதில்ல சார், தரத்துலயும் குறை வைக்கிறதில்ல" என்று பெரியக்கா தேனொழுகப் பேசினாள். அவர் தலையாட்டிக்கொண்டே குவியலைக் கிளறினார். கோணல் பை மேலே வந்தது. மூலையில் மெஷின் சத்தம் நின்றது. அந்த அம்மா கைகளைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

கடைக்காரரின் விரல் படுமுன் சின்னக்கா பாய்ந்து அதைப் பறித்தாள். "அய்யய்யோ, அது என்னோடது சார்! இங்க எப்படி வந்துச்சு?" என்றவள், தன் சாவிக்கொத்தையும் சீப்பையும் அதற்குள் போட்டு, அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.