அப்பா வழி கேட்ட காதுகுத்து

யாராவது ‘வாங்க’ என்று கூப்பிட்டுவிட்டால் மாட்டேன் என்று சொல்ல அப்பாவுக்கு வராது. எங்கள் கொங்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குப் பொதுவாகவே அது சிரமம்தான். அப்பாவுக்கு அது வியாதி. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு மோட்டாருக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருந்தார். சாயங்காலம் பட்டறையைப் பூட்டும்போது யாராவது ஒருவர் வண்டியை நிறுத்தி ‘வாங்க’ என்பார். அப்படிப் போய்ப் போய்த்தான் குடி பழகியது என்பது அம்மாவின் கட்சி. கூப்பிட ஆளில்லாத நாளிலும் போனாரே என்று யாரும் அம்மாவைத் திருப்பிக் கேட்டதில்லை.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், குடியை விட நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடிப் பேசுகிற இடம் ஒன்று சிங்காநல்லூர்ப் பக்கம் இருப்பதாக அம்மா விசாரித்து வைத்தாள். எங்களுக்குக் கிட்டத்திலேயே ஒன்று இருந்ததாம். தெரிந்தவர் கண்ணில் பட்டால் மானம் போய்விடும் என்று அப்பாதான் கோயமுத்தூரின் அந்தக் கோடியைத் தேர்ந்தெடுத்தார். பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தபோதெல்லாம் போகாத மானம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போகாவிட்டால் என்னைக் கூட்டிக்கொண்டு சென்னிமலைக்கு, பிறந்த வீட்டுக்கே போய்விடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். சும்மா மிரட்டலில்லை. என் யூனிபார்ம் உட்பட எல்லாத் துணியையும் ஒரு பையில் அடைத்து, அந்தப் பையோடுதான் பஸ் ஏறினாள். சென்னிமலையில் பெரியம்மா பிள்ளைகள் இருந்ததால் எனக்கு எப்படி ஆனாலும் சம்மதம்.

போனில் சொன்ன அடையாளம் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் ஆள் நிற்பார் என்றிருந்தார்கள். நின்றார்கள், ஒருவரல்ல, ஒரு குடும்பமே நின்றது. கைகூப்பி ‘வாங்க, வாங்க’ என்றார்கள். பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், எனக்கு ஒரு பிடி கற்கண்டு. யார், எந்த ஊர், என்ன காரியம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர்களை அப்படிக் கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. குடிகாரர்களுக்கு இவ்வளவு உபசாரமா என்று அப்பா மலைத்துப்போனார். “நல்ல சனமாத்தான் இருக்குதுங்க,” என்றாள் அம்மா மெதுவாக.

உள்ளே, தாய்மாமன் மடியில் ஒரு மொட்டைத்தலைக் குழந்தை வீறிட்டபோதுதான் அது காதுகுத்து விருந்து என்று தெரிந்தது. அதற்குள் எங்களைப் பந்தியில் உட்காரவைத்து இலை போட்டாகிவிட்டது. போட்ட இலையை விட்டு எழுந்தால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்? வேறொரு கூட்டத்துக்கு வந்தோம் என்றால், என்ன கூட்டம் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து சாப்பிட்டோம். கை நடுக்கத்தில் அப்பாவுக்குச் சோறு வாய்க்கு வருவதற்குள் பாதி சிந்தியது. அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

கை கழுவுகிற இடத்தில் விருந்துக்காரர்களில் ஒருவர் அப்பாவின் தோளைத் தொட்டார். மண்டபத்துக்குப் பின்னால் காரில் ‘கொஞ்சம்’ இருப்பதாகவும், ஆம்பளைகள் எல்லாம் அங்கேதான் என்றும் சொல்லி, வாங்க என்றார். அப்பா போனார். அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நாங்க சென்னிமலைக்குப் போறோம்னு அப்பாகிட்டச் சொல்லிப்போட்டு ஓடியா கண்ணு,” என்றாள்.

பின்னால் காரின் டிக்கி திறந்திருந்தது. அந்த மனிதர் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் கை பாதி தூரம் போயிருந்தது. நான் அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அப்பா என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“வேண்டாமுங்க. நான் குடிகாரனுங்க. குடிய உடறதுக்குன்னு இங்க ஒரு கூட்டம் நடக்குதாமுங்க. அது எங்கீங்க?”

அந்த மனிதர் டம்ளரைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், வாத்தியாரைக் கண்ட பையன் மாதிரி. பிறகு மற்றொரு கையால் மண்டபத்துப் பக்கவாட்டில் இருந்த இரும்புப் படியைக் காட்டினார்.

“மாடியிலீங்க. இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்க, சுருக்காப் போங்க.”

அப்பா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார். நடுவில் ஒருமுறை நின்றார். திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. மேலே ஒரு கதவு திறந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகும் அப்பா வழுக்கியதுண்டு, நாங்கள் சென்னிமலைக்குப் போய் இருந்துவிட்டு வந்ததும் உண்டு. ஆனாலும் அந்த மாடியை அவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், காட்சி என்று யார் அழைத்தாலும் எங்கள் வீட்டில் இன்றுவரை அம்மாவும் நானும்தான் போகிறோம்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. எங்கள் வீட்டில் வாய்தவறிக்கூடச் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையை, முன்பின் தெரியாத ஒருவரிடம், அப்பா தன்னைப் பற்றியே சொல்லிவிட்டார் என்பதுதான் பெரிய விஷயமாக இருந்தது. வாசலுக்கு ஓடிப்போய் அதை அம்மாவிடம் புகாராகவே சொன்னேன். அம்மா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ வருகிறவர்கள் போகிறவர்கள் நடுவிலேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பாவே வாயைத் தொறந்து சொன்னாங்களா? இன்னொருக்காச் சொல்லு கண்ணு.”

சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். ஒரு கெட்ட வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிற அம்மாவை எல்லோரும் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.