உப்பளத்துப் பறவை ஏரிக்கு வந்த கதை

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. கடை திறப்பதற்கு முன் ஏரிக்கரையில் தொலைநோக்கியோடு நின்றுவிடுவாள். ஆய்வாளர்கள் உள்ளான் என்னும் சிறு நீர்ப்பறவைகள் சிலவற்றின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள். அந்த எண்ணைப் படித்துவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். கடையில் அவளுக்கு ‘வளையக்காரி’ என்றே பெயர்.

உப்பளத்திலிருந்தும் முகத்துவாரத்திலிருந்தும் தோழிகள் தாங்கள் படித்த எண்களை அனுப்புவார்கள். வீடியோ பார்த்துப் பைத்தான் என்னும் கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டிருந்தவள், ஒரு ஞாயிறு மத்தியானம் தன் ஏரி எண்களையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு டிக்‌ஷனரியில் போட்டாள். இடத்தின் பெயர் சாவி. அங்கே கண்ட எண்களின் லிஸ்ட் அதன் மதிப்பு. மூன்று லிஸ்டையும் ஒன்றாக்கினால், ஒரே பறவை இரண்டு இடத்தில் தென்பட்டதா என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு லிஸ்டையும் ஒரு புது லிஸ்டில் ‘அப்பெண்ட்’ செய்து, மொத்தம் எத்தனை என்று கேட்டாள். மூன்று என்றது கம்ப்யூட்டர்.

“இவ்ளோ நேரம் தட்டுனது மூணுக்குத்தானா?” என்றான் பஸ் ஓட்டும் கணவன், பாயில் படுத்தபடியே.

“சும்மா இருங்க. மூணு டப்பாவையும் மூடியோட பைக்குள்ள வெச்சிருக்கேன். உள்ள இருக்கறதக் கொட்டணும்.”

‘அப்பெண்ட்’டை அழித்து ‘எக்ஸ்டெண்ட்’ என்று எழுதினாள். எண்கள் பொலபொலவென்று ஒரே வரிசையில் விழுந்தன. வரிசைப்படுத்தியதும் ஓர் எண் அடுத்தடுத்து இரண்டு முறை நின்றது. ஒன்று போன வாரம் உப்பளத்தில் கண்டது. மற்றது இன்று காலை அவளே படித்தது.

உப்பளத் தோழிக்குப் போன் போட்டாள்.

“அந்தப் பறவையில வேற ஏதாவது பாத்தியாடி?”

“வலது றெக்கையில ஒரு இறகு தொங்கிட்டிருந்துச்சு.”

அவளும் அதைப் பார்த்திருந்தாள்.

“வண்டிய எடுங்க,” என்றாள் கணவனிடம். முகத்தைப் பார்த்ததும் அவன் பாயைச் சுருட்டிவிட்டு எழுந்தான்.

வெயில் தாழ்வதற்குள் ஏரிக்குப் போய்விட்டார்கள். பறவைக் கூட்டத்துக்குள் தேடித் தேடி, கடைசியில் தொலைநோக்கியை அவன் பக்கம் திருப்பினாள். அவன் வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

“உப்பளத்துலேர்ந்து இங்க வர என் பஸ்ஸுக்கே அரை நாள் ஆகும்,” என்றான் மெதுவாக. “இத்துணூண்டு உடம்ப வெச்சுக்கிட்டா வந்துச்சு?”

“டீ குடிக்க நிறுத்தாம வந்திருக்கும்.”

இப்போது அவளுடைய டிக்‌ஷனரியில் நான்காவதாக ஒரு சாவி இருக்கிறது: பஸ் டெப்போ குளம். அந்த எண்களை அனுப்புவது அவன்தான்.