மகளை மீட்கப் போன சனிக்கிழமை

போன வருடம் மழைக்காலம் தொடங்கும் முன், ஒரு சனிக்கிழமை காலையில், காரைக்காலை அடுத்த கருக்களாச்சேரியில் நடந்தது இது. நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

எங்கள் வீடு தலத்தெருவில். ஒரே மகள். படிப்பு முடிந்ததும், மீனவப் பெண்களுக்கு உதவும் கன்னியாஸ்திரிகளோடு சனிக்கிழமைதோறும் வேலை செய்யப் போனாள். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால், காதில் கம்மலைக் காணோம். எதற்கெடுத்தாலும் “சிஸ்டர் சொன்னாங்க”. பிரான்ஸிலிருந்து வந்த நல்ல வரனை “வேணாம்ப்பா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மடத்தில் சேரப் போகிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஞாயிறு பூசையில் ‘தேவ அழைத்தல்கள் பெருக வேண்டும்’ என்ற மன்றாட்டைப் பல வருடங்களாகச் சத்தமாக வாசிப்பவன் நான்தான். துறவு மடத்துக்குக் கூப்பிடும் அந்த அழைத்தல் எப்போதும் அடுத்த தெருவுக்குத்தான் வரும் என்று நம்பியிருந்தேன்.

மனைவியிடம்கூடச் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். கருக்களாச்சேரியில் சிஸ்டர்கள் வேலை செய்யும் கூடத்துத் தரையில் பத்துப் பதினைந்து பெண்கள் காத்திருந்தார்கள். மூத்த சிஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பையைத்தான் பார்த்தார்.

“பேனா வச்சிருக்கீங்களா? நல்லதாப் போச்சு, உக்காருங்க.”

மனு எழுதித் தர வந்தவன் என்று நினைத்துவிட்டார். கணவரை இழந்தவர்களுக்கான உதவித்தொகை விண்ணப்பங்கள். அன்றே முடித்தாக வேண்டுமாம்.

“சிஸ்டர், நான் ஒரு விஷயமா...”

“இத எழுதிட்டுப் பேசலாங்க.”

எழுதினேன். “கோழி கிண்டுன மாதிரி இருக்கே, ஆபீஸ்ல படிச்சிருவாங்களா சார்?” என்றார் ஒரு அம்மா. அடுத்து உட்கார்ந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கணவர் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அவள் சொல்லச் சொல்ல, என் பேனா ஓடவில்லை.

ஏழாவது மனுவில் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்று கூடமே கேட்கக் கத்தினேன்: “எம் பொண்ண விட்டுடுங்க சிஸ்டர்! கம்மலக்கூடக் கழட்டிட்டா! எங்களுக்கு ஒரே பொண்ணு!”

சிஸ்டர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஓ, நீங்க அவங்கப்பாவா? நாங்க காலையில நாலரைக்கு எந்திரிக்கிறவங்க. உங்க பொண்ணு பத்து மணிக்கும் கொட்டாவி விட்டுக்கிட்டே வருது. நீங்களே குடுத்தாலும் வேணாங்க!”

கூடமே சிரித்தது. என் எழுத்தைக் கோழி கிண்டியது என்ற அம்மாவும் சும்மா இருக்கவில்லை. “கம்மல் ஒண்ணு கடக்கரையில தொலைஞ்சுபோச்சு சார். வீட்டுல திட்டுவீங்கன்னு இன்னொண்ணையும் கழட்டி வச்சிருக்கு!”

அந்த நேரம் பார்த்து டீத் தூக்கோடு மகள் உள்ளே வந்தாள். “அப்பா! நீங்க எங்க இங்க?”

“மனு எழுத வந்தேம்மா” என்று உட்கார்ந்துவிட்டேன். மதியம் வரை எழுதினேன். வரனை மறுத்த காரணமும் அன்றுதான் தெரிந்தது. பிரான்ஸில் குளிருமாம்.

புறப்படும்போது சிஸ்டர் வாசல்வரை வந்தார்.

“எங்கப்பாவும் இப்படித்தாங்க என்னயக் கூட்டிக்கிட்டுப் போக வந்தாரு. மடத்து வாசல்ல நாள் பூரா உக்காந்திருந்துட்டு, தனியா பஸ் ஏறிப் போனாரு. பாவம், அவருகிட்ட பேனா இல்ல.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போதும் அந்த மன்றாட்டை நான்தான் வாசிக்கிறேன். ஆனால் ‘பெருக வேண்டும்’ என்ற இடம் வந்ததும், மகள் வராமலே பஸ் ஏறிப் போன அந்த அப்பாவின் நினைவு வந்து, என் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.